மூணு தண்ணி

"அதை ஊத்தாதீங்க சித்தப்பா."

"ஊத்துனா என்னாத்தா?"

"அது இன்னும் கழுவலை."

"கழுவலையா?" பேச்சிமுத்து அந்த வெள்ளைக் கேனை மூச்சுப் பிடித்துத் தூக்கி வெயிலுக்கு நேராகக் காட்டினார். ஒரு பக்கம் புகுந்த வெயில் மறுபக்கம் தேனாக வெளியே வந்தது. "இங்கன பாருங்கப்பா. கண்ணாடி தோத்துச்சு. இதுல என்னத்தப் போயிக் கழுவுறது?"

பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"பொன்னுச்சாமி காச்சுனதா இது? நல்லாத்தான இருக்கு."

"எடுத்துக் குடிக்கலாம் போல இருக்கேப்பா."

"நீ குடிச்சாலும் குடிப்ப."

யாரோ சிரித்து, சாவு வீடு என்பது நினைவுக்கு வர, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

ஆனந்தி கேனின் கைப்பிடியை விடவில்லை. இப்படித் தெளிவாக மின்னுவதுதான் கழுவாத எண்ணெய். கழுவிய எண்ணெய் ஈரம் காய்கிற வரைக்கும் கலங்கித்தான் இருக்கும். இதை இத்தனை பேருக்கு நடுவில் எப்படி விளக்குவது? கண்ணை நம்பாதீர்கள் என்றால் கேட்கிற நாளா இது?

"எங்கண்ணன் ஆறு வருசமா ஊருக்கெல்லாம் எண்ணெ காச்சுனாரு." பேச்சிமுத்து குரலை உயர்த்தினார். பொன்னுச்சாமிக்கு நேர் இளையவர். விடிந்ததிலிருந்து அழுது அவருடைய குரல் கம்மியிருந்தது. "அவரு படுத்திருக்கிற பெட்டி பங்க் டீசல்லயா ஓடணும்? கடைசி நாளு. அவரு எண்ணெயிலதான் ஓடணும். என்னய்யா சொல்றீக?"

அதுதான் சரி என்றது கூட்டம். டீசல் வாங்கிவர வடமதுரைக்குக் கிளம்பிய பைக்கை நிறுத்தச் சொன்னார்கள். ஆனந்தியின் விரல்கள் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன.

பெட்டி என்றது ஐஸ் பெட்டியை. அதற்குள்தான் அவளுடைய அப்பா பொன்னுச்சாமி நேற்று ராத்திரியிலிருந்து படுத்திருந்தார். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தபடியே உயிர் போயிருந்தது. டீ கொண்டுபோன அம்மா, மனுஷன் அசதியில் கண்ணயர்ந்திருக்கிறார் என்று நினைத்து, டம்ளரைப் பக்கத்தில் வைத்து மூடி போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில் ஆபீசில் வேலை பார்க்கும் ஆனந்தி, ஹாஸ்டலிலிருந்து வந்து சேர்வதற்குள் திண்டுக்கல்லிலிருந்து பெட்டி வந்து இறங்கியிருந்தது.

தம்பி ஸ்ரீஹரி கத்தாரில் இருந்தான். கொழும்பு வந்து, அங்கே விமானம் மாறி மதுரையில் இறங்கி, நாளைக் காலையில்தான் வீட்டுக்கு வர முடியும். விமானம் ஏறுவதற்கு முன்னால் போனில் அவன் அழவில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்டான். "நான் வர்ற வரைக்கும் அப்பாவ வச்சிருக்கா. முகத்த ஒருக்கப் பாத்துக்கிறேன். எனக்காக அம்புட்டு மட்டும் செய்யி."

வைத்திருப்பது லேசான காரியமில்லை. இன்று வெள்ளிக்கிழமை. சனிப் பிணம் துணை தேடும் என்று, சனிக்கிழமை எடுப்பதற்குப் பங்காளிகளில் மூத்தவரான பெரியப்பா முதலில் சம்மதிக்கவே இல்லை. பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிக்கொள்ளலாம் என்று பேச்சிமுத்து காலில் விழாத குறையாகக் கேட்ட பிறகுதான் இறங்கி வந்தார். அப்போதும் ஒன்றைச் சொல்லித்தான் இறங்கினார். "பெட்டி ஓடுற வரைக்கும் வச்சுக்கங்க. பெட்டி நின்னுச்சுன்னா இருட்டுமுன்ன எடுத்துரணும். கத்திரி வெயிலு. அவன ஊரு மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாக்க வச்சிராதீக."

காலையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. நாளைக்குத்தான் மாற்றுவார்கள் என்று லைன்மேன் கையை விரித்தார். பந்தல் போட்ட முகேஷ்குமார் தன்னிடமிருந்த பழைய டீசல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கி ஓட்டினான். அதில் ஊற்றியிருந்த டீசல் இப்போது அடித்தட்டுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் சித்தப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்து கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனந்தி வீட்டுக்குள் போனாள். அம்மா அங்காளம்மாள் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து, கண்ணாடிமேல் வேர்க்கிற நீரை முந்தானையால் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டிருந்தாள். துடைத்ததும் அப்பாவின் முகம் தெரியும். சற்று நேரத்தில் மறுபடியும் மங்கும்.

"அம்மா, சித்தப்பா அப்பா எண்ணெய ஜெனரேட்டர்ல ஊத்தப் போறாரு. வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லு."

"ஊத்தட்டும்."

"அது ஓடாதும்மா."

"மெதுவாப் பேசு." அம்மா பெட்டியைப் பார்த்தாள். "அவரு காதுல விழுகும்."

அம்மா கண்ணாடியைத் துடைத்தாள்.

"ஒரு தடவையாச்சும் ஓடட்டும்டி."

பொன்னுச்சாமி பம்புசெட் மெக்கானிக்காக இருந்தவர். எங்கோ ஒரு நாட்டில் வறுத்து மிஞ்சிய எண்ணெயில் ஒருவன் டிராக்டர் ஓட்டுவதை மகளுடைய போனில் பார்த்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லாமல் போயிற்று. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் பஜ்ஜிக் கடை, புரோட்டாக் கடை, சிப்ஸ் கடை எல்லாவற்றிலும் கருத்துப்போன எண்ணெயை வாங்கி டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வருவார். அதை வடிகட்டிச் சூடாக்கி, காஸ்டிக் சோடாவைக் கரைத்த ஸ்பிரிட்டை ஊற்றிக் கலக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுவார். விடிந்து பார்த்தால் கருப்பு வண்டல் கீழே இறங்கியிருக்கும். மேலே பொன்னிறத்தில் எண்ணெய் நிற்கும். அந்தக் காலை நேரத்தை அவர் வாழ்க்கையிலேயே பெரிய பரிசாக நினைத்தார் என்று ஆனந்திக்குத் தோன்றும். பல் விளக்காமல் கூட அதன் முன்னால் குந்தியிருப்பார். கடலையே பார்த்திராத ஒருவன் முதன்முதலாகக் கடற்கரையில் உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கும்.

ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. அந்தப் பொன்னிறத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சோப்பும் ஸ்பிரிட்டும் கரைந்திருக்கும். அதை நீரால்தான் கழுவி எடுக்க வேண்டும். பூவாளியால் பனி விழுகிற மாதிரி மேலே தூவ வேண்டும். நீர் எண்ணெய்க்குள் மெல்ல இறங்கிப் போகும்போது அழுக்கைக் கூட்டிக்கொண்டு போகும். அடியில் தேங்கியதைத் திறந்துவிட்டு மறுபடியும் தூவ வேண்டும். அரிசி களைவது மாதிரிதான். முதல் தண்ணி பாலாக வரும், இரண்டாம் தண்ணி மோராக வரும், மூன்றாம் தண்ணி தண்ணீராகவே வர வேண்டும். பிறகு ஈரம் போகக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினாலோ கலக்கினாலோ போயிற்று. எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தயிராக உறைந்துவிடும். பிரிக்க ஆளில்லை.

பொன்னுச்சாமிக்கு எல்லாம் வரும், அந்த மெதுவு மட்டும் வராது. கண்ணாடி மாதிரி இருக்கிற எண்ணெயைக் கழுவ அவர் மனம் ஒப்பாது. அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பார். பஜ்ஜிக் கடைச் சண்முகவள்ளி புருஷனின் ஷேர் ஆட்டோ அய்யலூர் ரோட்டில் ஆட்களோடு நின்றது. நிலக்கடலைத் தோட்டத்து மோட்டார் நடுப்பாய்ச்சலில் நின்றது. ஊர் அவரைக் கழுவிக் கழுவி ஊற்றியது. எண்ணெய்க்காரர் போகிறார், ஓரமாக நில்லுங்கள், வண்டி நின்றுவிடும் என்று டீக்கடையில் பேசினார்கள். அவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கழுவ ஆரம்பித்த பிறகு, "ஊரு என்னையக் கழுவுது. நீ எண்ணெயக் கழுவு தாயி. ரெண்டுல ஒண்ணாவது சுத்தமாகட்டும்," என்பார். சிரித்த வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

புதன்கிழமை போனில்கூட அதே சிரிப்புத்தான். "ஒரு கேன் நிக்கிது தாயி. நான் தொடலை. இந்தத் தடவை அவசரப்படுறதா இல்ல. ஞாயித்துக்கிழமை நீ வந்து மூணு தண்ணி கழுவிக் குடு."

அவள் கொட்டகைக்குள் நுழைந்தாள். தகரம் கொதித்தது. டின் கவிழ்த்தபடியே கிடந்தது. பக்கத்தில் டீ டம்ளர், மூடி போட்டபடி. யாருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை. கேன் இருந்த இடத்தில் இரண்டு செங்கல் வெறுமனே இருந்தன. செங்கலுக்குப் பக்கத்தில் பூவாளி தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சுவரோரம் மூன்று பிளாஸ்டிக் குடங்கள், தட்டுப் போட்டு மூடியிருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தாள். நல்ல தண்ணீர். வீட்டு போர் தண்ணீரில் உப்பு அதிகம், கழுவினால் நுரை திரளும் என்று அவள்தான் ஒருதரம் சொல்லியிருந்தாள். எங்கே போய் எடுத்து வந்தாரோ.

இருபத்தாறு வயதுக்குள் அப்பா பொறுமையாக இருந்து அவள் பார்த்ததில்லை. இதோ இருந்திருக்கிறார். நேற்று அந்த டின்மேல் உட்கார்ந்து, கேனைத் தொடாமல், ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறார்.

கேனுக்கு வடித்த எண்ணெயில் கொஞ்சம் கலக்குகிற டிரம்மின் அடியில் மிச்சமிருந்தது. ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் பாதிக்கு அதைப் பிடித்து, மீதிக்குக் குடத்து நீரை ஊற்றி, மூடியைத் திருகிக் குலுக்கினாள். சரியான எண்ணெயாக இருந்தால் கீழே வைத்ததும் எண்ணெய் வேறு, நீர் வேறு என்று விலகி நிற்கும். கீழே வைத்தாள். பாட்டில் முழுக்க வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது விலகவில்லை.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலைத் தூக்கிப் பிடித்தால் யாருக்கும் விளங்கும்.

பாட்டிலோடு அவள் முன்வாசலுக்கு வரும்போது ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம்கூட முன்பைவிட மென்மையாக இருந்தது. டீசல் புகையின் கரிப்பில்லை. பந்தல் முழுக்க வடை சுடுகிற வாசம் பரவியிருந்தது. நேற்றிலிருந்து அடுப்பு மூட்டாத வீடு. பசித்த குழந்தைகள் வடை எங்கே என்று தேடிச் சுற்றிச் சுற்றி வந்தன.

"ஏ ஆத்தி, என் கடை வாசமுல்ல அடிக்கிது!" சண்முகவள்ளி மாரில் கை வைத்தாள். பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜிக் கடை போட்டிருப்பவள். ஒரு காலத்தில் பொன்னுச்சாமியை நடுரோட்டில் நிறுத்தி வைதவள். "நான் குடுத்த கருப்பு எண்ணெய்யா இது? இந்த வாசத்துக்கு வெஞ்சனம் வேணாமே, வெறுஞ்சோத்தை உண்டுறலாமே! நான் வஞ்சேனே அண்ணே, உங்கள நான் வாய்க்கு வந்தபடி வஞ்சேனே!"

சொல்லிக்கொண்டே ஓவென்று அழுதாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் அழுதார்கள். பேச்சிமுத்து வெறும் கேனை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாகப் போனார். "எங்கண்ணன் எண்ணெ. பாத்தீகளா? எங்கண்ணன் காச்சுன எண்ணெ." பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா எழுந்து நிலைப்படி வரைக்கும் வந்து நின்றிருந்தாள். மூக்கை இலேசாகத் தூக்கி அந்த வாசத்தை இழுத்தாள். நேற்றிலிருந்து இறுகிக் கிடந்த அவள் முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

ஆனந்தி பாட்டிலைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆனால் தம்பி வானத்தில் வந்துகொண்டிருந்தான். அவள் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த முகேஷ்குமாரிடம் போய்க் குனிந்தாள்.

"இதை நிறுத்தி எண்ணெய வடிச்சுட்டு டீசல் மாத்த முடியுமா தம்பி?"

"எதுக்குக்கா? நல்லாத்தான ஓடுது. சொல்லப்போனா சத்தமே கொறைஞ்சிருச்சு." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஏன், எண்ணெ சரியில்லையா?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு சொல் போதும். அவளுக்குப் பின்னால் சித்தப்பாவின் குரல் கேட்டது. புதிதாக வந்து மாலை போட்டவரிடம் மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் எண்ணெய் ஓடாது என்று ஆறு வருஷமாக ஊரே சொன்னது. அவள் ஒருத்திதான் இதுவரை ஊர் முன்னால் அதைச் சொல்லாதவள். அவர் காதுக்கெட்டும் தூரத்தில் அதைச் சொல்கிற கடைசி ஆளாக அவள் இருக்க வேண்டுமா?

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்."

கழற்றிப் போட்டிருந்த பழைய மாலைகளுக்கடியில் பாட்டிலை வைத்தாள்.

அதற்கப்புறம் அவள் அந்தச் சத்தத்தை மட்டுமே கேட்டாள். ஆட்கள் வந்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், போனார்கள். சிறுமலை மேல் வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு அடியாக அந்த இயந்திரம் அடித்துக்கொண்டிருந்தது. ஓடிவிடும் போலத்தான் இருந்தது. பழைய இயந்திரம்தானே, எதையும் தின்னும். அப்பாவே இந்தத் தடவை நன்றாகத் தெளியவிட்டிருக்கலாம். இப்படியெல்லாம் நினைத்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள்.

"ஒன் தம்பி வந்ததும் இதை மொதல்ல சொல்லணும்," என்றாள் அம்மா. "அவனும்தான அவரக் கேலி பண்ணுவான்."

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் ஒரு அடி தவறியது.

ஆனந்திக்குத்தான் அது முதலில் கேட்டது. பிறகு இன்னொன்று. ஜெனரேட்டர் மூச்சுத் திணறுவது போல இழுத்து, வெள்ளையாகப் புகைவிட்டு, நின்றது. பெட்டியின் விளக்கு அணைந்தது. மற்ற எல்லா ஓசைகளும் ஒன்றாக மேலே எழுந்து வந்தன. ஈக்கள், நாற்காலி நகர்வது, யாரோ ஒரு பிள்ளை அழுவது.

முகேஷ்குமார் இழுத்து இழுத்துப் பார்த்தான். பில்டரைத் திருகிக் கழற்றினான். உள்ளே நெய் உறைந்த மாதிரி வழவழப்பாக அப்பியிருந்தது. விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தான். நுரைத்தது.

"சோப்பு," என்றான். "என்ன பெருசு, சோப்பை ஊத்தி வச்சிருக்கீக? பம்பு வரைக்கும் ஏறியிருச்சு. கழட்டி எடுக்கணும். மிஷினே போச்சு போங்க."

அவன் இரைந்துதான் சொன்னான். அவனுடைய பிழைப்பு அது. நாற்காலிகளின் கடைசி வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார். "இன்னைக்குமா?"

ஆனந்தி நிலைப்படியில் நின்று அதைக் கேட்டாள். அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

டீசல் வந்தது. பயனில்லை. வேறு ஜெனரேட்டர் கேட்டுப் போன் போட்டார்கள். வைகாசி முகூர்த்தம், எல்லாம் கல்யாண மண்டபங்களில் ஓடிக்கொண்டிருந்தன. ஐஸ் கட்டி வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். வாங்கி வருவதற்குள் பாதி உருகிவிடும், மீதி வீட்டுக்குள் ஒழுகும் என்று இன்னொருவர் சொன்னார்.

"திண்டுக்கல் பெரியாஸ்பத்திரில ஒரு ராத்திரி மட்டும் வச்சுக்கலாம் பெரியப்பா," என்று ஆனந்தி கேட்டாள். "காலையில எடுத்துட்டு வந்துருவோம். தம்பி வந்துருவான்."

"வீடு வந்து சேந்தவன மறுபடி தூக்கிக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரில போடுறதா?" பெரியப்பாவின் குரல் கோபமாகக்கூட இல்லை. "சொன்ன சொல்லுத்தான ஆத்தா. பெட்டி ஓடுற வரைக்கும்னு சொன்னோம். ஓடலை. நாளைக்கிச் சனி வேற. என்ன செய்ய?"

"தம்பிக்கு..."

"அவனுக்கு நான் சொல்லிக்கிறேன்."

பேச்சிமுத்து பந்தக்காலோடு ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். கேன் மடியில் கிடந்தது. ஆனந்தி அவரைத் தாண்டிப் போகும்போது தலை நிமிராமல் கேட்டார்.

"நீ சொன்னீல்ல ஆத்தா?"

"இல்ல சித்தப்பா."

"சொன்ன. கழுவலைன்னு சொன்ன."

அவள் சொன்னது முதல் ஒரு வார்த்தைதான், சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று அந்த மாலைகளுக்கடியில் கிடந்த பாட்டிலுக்குத்தான் தெரியும்.

பெட்டியைத் திறந்து அப்பாவை வெளியே எடுத்தார்கள். சில்லென்ற காற்று ஒரு நொடி எல்லோர் காலிலும் பட்டு மறைந்தது. கொட்டகைக்கு முன்னால் பெஞ்சைப் போட்டு அதன்மேல் கிடத்தினார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். கரண்ட் இல்லாததால் போர் மோட்டார் ஓடவில்லை. மேல்தொட்டி மத்தியானமே வற்றிவிட்டது.

"நீர்மாலைக்கு மூணு கொடமாச்சும் வேணுமேப்பா."

"இந்தா இங்கன நெறஞ்சு இருக்கே!" கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவர் கத்தினார். "மூணு கொடம். மூடியெல்லாம் போட்டு, எடுத்து வச்ச மாதிரி."

ஆனந்தி ஓரடி முன்னால் வைத்தாள். அப்புறம் நின்றுவிட்டாள்.

பூவும் வேப்பிலையும் போட்டு, குடங்களை வரிசையாக வைத்துக் கும்பிட்டார்கள். உறவுகள் ஒவ்வொருவராக வந்து எண்ணெயைத் தொட்டு அப்பாவின் தலையில் வைத்தார்கள். பிறகு சீயக்காய். சண்முகவள்ளி வைத்தாள். அம்மா வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் நின்றாள். எடுத்தபோது ஆனந்தியிடம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"கழுவியிருந்தா விடிய விடிய ஓடியிருக்கும்ல?"

"ஓடியிருக்கும்மா."

அம்மா தலையாட்டினாள்.

ஆனந்தியும் எண்ணெய் வைத்தாள். அப்பாவின் முடி குளிர்ந்து விறைப்பாக இருந்தது. முன்னெற்றியில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு. எண்ணெய் தெறித்து வந்தது. எந்த வருஷம் என்று அவளுக்கு நினைவில்லை.

பெண்களை விலகச் சொன்னார்கள். மலை வெளிச்சத்தை விழுங்க ஆரம்பித்திருந்தது. சுடுகாட்டுக்குத் தொலைவு இருந்தது. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் குடத்தைத் தூக்கி அப்படியே தலையில் கவிழ்த்தார்கள். தேய்க்கிற கைகள் அவசரமாகத் தேய்த்தன. எண்ணெயும் சீயக்காயும் நீரும் கலந்து பெஞ்சுக்கு அடியில் பால்போல வழிந்து, கொட்டகை வாசல் வழியாக, அப்பா எண்ணெய்த் தண்ணீருக்கென்று வெட்டிவைத்திருந்த சின்ன வாய்க்காலில் சேர்ந்து ஓடியது.

"மெதுவா ஊத்துங்க," என்றாள் ஆனந்தி. குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. யாரும் திரும்பவில்லை.

இரண்டாவது குடத்தைத் தூக்கினார்கள்.

அவள் கையிலிருந்த போன் ஒளிர்ந்தது. எடுத்ததும் திரை முழுக்கத் தம்பியின் முகம். பின்னால் வெள்ளை விளக்குகள், பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும் மனிதர்கள், புரியாத மொழியில் ஓர் அறிவிப்பு. தலை கலைந்திருந்தது. மீசையைச் சிறிதாக வெட்டியிருந்தான். அதில் அப்பாவின் சாயல் இருந்தது.

"அக்கா, கொழும்புல எறங்கிட்டேன். காலையில வந்துருவேன். பெட்டி ஓடுதுல்ல?" ஏதோ ஓசை கேட்டதுபோல அவன் திரைக்கு நெருங்கி வந்தான். "என்னக்கா தண்ணிச் சத்தம்? மழையா அங்க?"

மூன்றாவது குடத்தின் தட்டை யாரோ எடுத்துத் தரையில் வைத்தார்கள்.

"அக்கா, கேக்குதா? எனக்கு மனசே சரியில்லக்கா. அப்பா முகத்த ஒருக்கக் காட்டேன்."